பிறர் நிலத்தில் நடக்கும் உரிமை

கூட்டுறவாளர் அனைவரும் இங்கிலாந்தின் ராச்டேல் நகரை அறிவர். 1844-ஆம் ஆண்டில் நெசவாளர் முதலானோர் அங்கே தொடங்கிய கடையின் வரலாற்றை நாம் சங்கக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு அண்மையிலுள்ள மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர், ஓய்வு நாளில் நல்ல காற்றைத் தேடி மலைமேடுகளுக்குச் சென்றபோது நேர்ந்ததை அறிந்தோர் சிலரே.

அந்நகருக்குக் கிழக்கே கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அதன் உயரம் 636 மீட்டர். அது உழுது பயிரிடும் நிலமன்று. பறவை வேட்டைக்கென்று காவலரை நிறுத்திப் பிறர் கால் வைக்காதபடி அதைக் காத்து வந்தனர். 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி அதன்மேல் ஏறினர். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்பொழுது வயது 20. காவலருடன் கைகலப்பு நேர்ந்து, அவருட்பட ஐவர் சிறை சென்றனர். பிறர் நிலத்தில் நடந்தது அன்று அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். கலகக் கூட்டம் சேர்த்தது முதலியவையே.

வேட்டை நிலம் என்றதும் நம் மனம் நடந்தவர் பக்கம் சாய்கிறது. ஆனால் அதே கூட்டம் நமது வரப்பில் ஏறினால் என்ன சொல்வோம்? இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2000-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தை, நிலமுடைய அங்கத்தினர்கள் கவனித்துப் படித்தல் நலம்.

மலை, கரம்பு, பொதுமேய்ச்சல் நிலம் எனப் படத்தில் குறித்த இடங்களில் எவரும் காலால் நடக்கலாம். கடந்த 12 மாதங்களுக்குள் பயிரிட உழுத நிலமும், குடியிருப்பைச் சூழ்ந்த 20 மீட்டரும் இதற்கு விலக்கு. தீ மூட்டலாகாது. கால்நடைகள் அருகிலிருந்தால், எந்த மாதமாயினும், நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றிலே பிடித்திருக்க வேண்டும். பறவைகள் குஞ்சு பொரிக்கும் மார்ச் முதல் ஜூலை முடிய எங்கும் அப்படியே. மூடவேண்டிய படலைத் திறந்துவிட்டுப் போவோரும், வேலியையோ சுவரையோ உடைப்போரும் அக்கணமே உரிமை இழந்து அத்துமீறியவர் ஆகின்றனர். வெளியேறிய பின் 72 மணிநேரம் அந்நிலத்தில் மட்டுமன்று, அதே உடைமையாளரின் வேறு நிலத்திலும் அவ்வுரிமையைக் கொண்டு நுழைய முடியாது. வழக்காடாமலே உரிமை கைவிட்டுப் போகும் இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆட்டுக்கிடை வைத்தவருக்குத் தெரியும், திறந்து கிடக்கும் ஒரு படல் எத்தனை வேலை வைக்கும் என்று!

பாறையிலோ ஓடையிலோ இடறி விழுந்தவர் நிலத்தவரிடம் ஈடு கேட்க இயலாது. நிலத்தவர் விரும்பினால், முறைப்படி அறிவித்து, ஆண்டில் 28 நாட்கள்வரை நிலத்தை அடைத்து வைக்கலாம். ஆயினும் கிறிஸ்துமஸும் பிற பொது விடுமுறை நாட்களும் அந்த 28-இல் சேரா. உழைப்பவனுக்கு ஓய்வு கிடைக்கும் நாள் அதுவன்றோ!

1932-இல் கிண்டர் ஸ்கௌட் டெவன்ஷயர் பிரபுவின் உடைமையாயிருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002-இல், அவருடைய பேரர் அவ்விடத்து விழாவுக்கு வந்து, தம் பாட்டனார் செய்தது தவறென்று மக்கள்முன் மன்னிப்புக் கோரினார். ராத்மன் அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.