பத்து நிமிடக் கதைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

"படிக்க ஆசைதாண்ணே, நேரம்தான் எங்க இருக்கு?" என்று யாராவது கேட்டால், உடனே ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கையில் கொடுத்துவிடுவது நம் வழக்கம். சின்னதுதானே, சட்டென்று முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு. வானகரம் சர்வீஸ் ரோட்டு டீக்கடையில், அம்பத்தூர் எஸ்டேட் ஷிஃப்ட் வண்டிக்காக நிற்கிற தம்பி ஒருவரும் இதைத்தான் கேட்டார். அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதியை அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சரியான பாதி. சிறுகதை ஒரே அமர்வில் முடிய வேண்டும் என்று 1842-இல் எட்கர் ஆலன் போ எழுதினார். அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை என்று அவகாசமும் கொடுத்தார். சாயங்காலம் மதுரவாயல் பைபாஸ் சந்திப்பில் மாட்டிக்கொண்டால் அந்த அரை மணி நமக்குத் தாராளமாகக் கிடைக்கும். 2022-இல் நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் அ.தி.மு.க. பொதுக்குழு கூடிய நாட்களில் என்றால் இரண்டு மணியே கேட்டிருக்கலாம். ஆனால் போவுக்கு நேரத்தை மிச்சப்படுத்துவதில் அக்கறை இல்லை. நடுவில் எழுந்துபோனால் வீட்டுக் கவலை, கடன் கவலை எல்லாம் உள்ளே புகுந்து கதை மனத்தில் கட்டியெழுப்பியதைக் கலைத்துவிடும் என்பதுதான் அவர் வாதம். நாவல் அதைத் தாங்கும். சிறுகதை தாங்காது.

அப்படியானால் அந்தச் சில பக்கங்களுக்குள் என்னதான் நடக்கிறது? புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' நல்ல உதாரணம். 1934-இல் மணிக்கொடியில் வந்தது. மெதுவாகப் படித்தாலும் ஐந்தாறு நிமிடம்தான். அம்மாளு மில் கூலி, புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். அவன் அடிபட்டுப் படுத்துவிடுகிறான், பால் கஞ்சி கேட்கிறான், கையில் காசில்லை. பிறகு நடப்பது ஊரறிந்த விஷயம். தம்பிக்கும் கதை தெரிந்திருந்தது. "கல்லூரியில பாடமா இருந்துச்சுண்ணே, கடைசி வரிய மட்டும் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார். அதுதான் சிக்கலே. கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், பெரும்பகுதியில் புதுமைப்பித்தன் நம்மைத் தெருவில்தான் நடத்திக் கூட்டிப்போகிறார். மங்கலான விளக்கு, விளையாடுகிற பிள்ளைகள், குழாயடிக் கூட்டம், கூடவே ஊர் சுற்றிக் காட்டுகிறவரின் நக்கல் குரல். அம்மாளுவின் சங்கதி கடைசிப் பகுதியில் மளமளவென்று முடிந்துவிடுகிறது. அவசரக்காரர் முன்பகுதியை வெறும் வர்ணனை என்று தாண்டிப் போவார். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தெரியும், கடைசியில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கான சாட்சியங்கள் அத்தனையும் அந்தத் தெருவிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று, கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?'. கும்பகோணத்துக்குத் தந்தி வருகிறது. சென்னை ஆஸ்பத்திரியில் குஞ்சம்மாளின் கணவன் நிலைமை மோசம். அவளும் உடன்பிறந்தவனும் ராத்திரி ரயிலேறுகிறார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எழும்பூர் வரை உட்கார்ந்தே போக வேண்டும். இன்றைக்கென்றால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நிமிடத்துக்கு ஒரு தகவல் வந்து விழுந்திருக்கும், கதையே பிறந்திருக்காது. முழு இரவு ஒன்று சில பக்கங்களில் அடங்குகிறது. ஆனால் சுருக்கிச் சொன்ன மாதிரியே இருக்காது. நடுநடுவே ஒரு பேச்சு, ஒரு மௌனம், சகுனத்தைப் பற்றி ஓர் எண்ணம் என்று எடுத்துக் காட்டிவிட்டு, மிச்சத்தை ரயில் ஓட்டத்துக்கே விட்டுவிடுகிறார். விடப்பட்ட இடங்களை நாம்தான் நிரப்ப வேண்டும். தப்பான கணக்கு என்று நான் சொன்ன பாதி இங்கேதான் இருக்கிறது. படிப்பதற்குப் பத்து நிமிடம், நிரப்புவதற்கு அதைவிட அதிக நேரம். முடிவைச் சொல்ல மாட்டேன். தலைப்பில் உள்ள கேள்விக்குக் குஞ்சம்மாள் தரப்பில் கிடைக்கும் பதில் நாம் நினைத்திருந்ததாக இருக்காது, அவ்வளவுதான்.

"அப்ப குமுதத்துல வர்ற ஒரு பக்கக் கதை?" என்று கேட்டார் தம்பி. அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. செகாவே ஆரம்பத்தில் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு நூறு வரிக் கட்டுப்பாட்டுக்குள் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்தான். அந்த நெருக்கடி அவருக்கு எதை வெட்டுவது என்று கற்றுக்கொடுத்தது. ஆனால் ஒரு பக்கக் கதையில் பெரும்பாலும் கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கும், அது வெடித்ததும் கதை காலி. மறுபடி படிக்க வேலையில்லை. நல்ல சிறுகதை முடிந்த இடத்திலிருந்து நம்மைத் திரும்ப முதல் வரிக்கு அனுப்பும். டீ வருவதற்குள் படிக்க ஒரு பக்கக் கதை தோது. வண்டியில் ஏறியபின் மனத்தில் வைத்து உருட்ட மற்றது.

ஆகவே நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் யோசனை கொஞ்சம் தலைகீழானது. ஒரு கதை முடிந்ததும், ஸ்டாப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தாலும், அடுத்ததைத் தொடாதீர்கள். டீ குடித்த வாயோடு காபி குடித்தால் இரண்டின் ருசியும் போய்விடும். வேடிக்கை பாருங்கள், மீன் மார்க்கெட் பக்கம் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். வாரத்துக்கு ஏழு கதை படிப்பதைவிட இரண்டே கதையை இரண்டிரண்டு முறை படிப்பது மேல். "இந்த வருஷம் இத்தனை படிச்சேன்" என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

புத்தகம் விஷயத்தில் ஒரு குறை உண்டு. நம் பதிப்பாளர்கள் முழுத்தொகுப்பு என்று செங்கல் செங்கலாகப் போடுகிறார்கள். ஆய்வுக்கும் அலமாரிக்கும் அருமை. ஆனால் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது ஆகாது. மெலிந்த தேர்வு நூல்களைத் தேடி வாங்கலாம். இல்லாவிட்டால் போன் இருக்கிறது. புதுமைப்பித்தன் எழுத்து 2002-இல் நாட்டுடைமையானது. 1944-இல் மறைந்த கு.ப.ரா.வின் எழுத்துக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் பழைய தமிழ் நூல்கள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கதையை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுங்கள். போ காலத்து வீட்டுக் கவலையைவிட நம் காலத்து நோட்டிஃபிகேஷன் பொல்லாதது. காதால் கேட்பதும் உண்டு. திருவண்ணாமலை பவா செல்லதுரை போன்றவர்கள் கதை சொல்வதைக் கேட்டே கதை பக்கம் வந்தவர்கள் ஏராளம். ஆனால் அதில் எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்கிறவர் தீர்மானிக்கிறார். கண்ணால் படிக்கும்போது அது நம் கையில் இருக்கிறது. பைக் ஓட்டிக்கொண்டு இயர்போனில் கேட்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, பூந்தமல்லி ரோட்டு லாரிகள் சொல்லும்.

எதில் ஆரம்பிப்பது என்றால், அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்'. சினிமா ஸ்டூடியோ ஆபீஸ், வெயில் நேரம், வேலை கேட்டு ஓர் ஒல்லியான ஆள் வருகிறான். பெயர் கேட்டால் 'டகர் பாயிட் காதர்' என்கிறான். தோலால் ஆன புலித்தலையை மாட்டிக்கொண்டு அந்த அறையிலேயே அவன் செய்து காட்டுவதைப் படிக்கும்போது, தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதினார் என்றுதான் இருக்கும். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் என்பதால் ஆபீஸ் வாடை அப்படியே வந்திருக்கிறது. கூச்சலே இல்லாத கதை. நின்றுகொண்டே படிக்கலாம்.

அடுத்து தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. அப்பாவும் சின்னப் பையனும் ரயிலில் ஊர் திரும்புகிறார்கள், பையன் கையில் ஓர் ஆரஞ்சு. எதிரே கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போகப்படும் ஒரு சிறுமி. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இதை மட்டும் ஷிஃப்ட் வண்டியில் வைத்துப் படிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்னாச்சுப்பா, வீட்ல எதுனா பிரச்சினையா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.