வெந்நீர் வரவில்லையா? தண்ணீரைப் பாருங்கள்!

மார்கழிக் காலை. துடியலூரில் ஒரு வீடு. சிலிண்டரில் எரிவாயு நிறைய இருக்கிறது. ஆனால் கேஸ் கீசரில் பச்சைத் தண்ணீர்தான் கொட்டுகிறது. ஏன்?

இக்கருவியில் எரிவாயுவுக்கு வழிவிடுவதே தண்ணீர்தான்! பாய்ந்து வரும் நீர் உள்ளே ஒரு ரப்பர்த் தகட்டை உந்துகிறது. வாயு வால்வு திறக்கிறது. ‘டிக் டிக்’ என்று மின்பொறி எழுகிறது. மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். 2 மீட்டர் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான். போதாததற்கு, ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரின் காறையும் மணலும் வடிகட்டி வலையை அடைத்துக்கொள்ளும். ஆகவே வாயுவையும் நீரையும் மூடிவிட்டு, பெரியவர்களைக் கொண்டு முதலில் வலையைக் கழுவச் செய்யுங்கள்.

பொறிச் சத்தமே இல்லையா? பேட்டரி தீர்ந்திருக்கும். பற்றிய சுடர் உடனே அணைகிறதா? சுடரை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கலாம். சுடர் இல்லையென்றால் வாயுவை அடைக்கச் செய்வது இக்கம்பியே. அதை நீக்கிவிட்டு ‘டைரக்டாக’ இணைத்துத் தருகிறேன் என்பாரை அருகில் விடாதீர்கள்! எரியாத வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அரைகுறையாக எரிந்தாலோ, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு பிறக்கும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டச் சொல்வது இதனால்தான்.