நொதித்தலை ஒளியால் அளந்தறிதல்

நோர்வூட் பகுதிக் கமக்காரர்களே,

தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தைப் பரப்பிப் புளிக்கவிடுவதை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறம் செம்பு நிறமாகிப் பழமணம் எழும் தறுவாயில் அதனை உலர்த்த அனுப்புதல் வேண்டும். முந்தினால் சாயம் கசக்கும்; பிந்தினால் சப்பென்றாகும். கள் புளிப்பது போன்றதன்று இது. இலையிலுள்ள நொதியங்களின் துணையால் கொழுந்துச் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்வதேயாகும். அப்பொழுது உண்டாகும் தியாபிளேவின் ஓர் உச்சத்தை எட்டிப் பின் குறையும். அவ்வுச்சத்தைக் கண்டு சொல்வது நெடுங்காலமாகக் கண்ணுக்கும் மூக்குக்குமுரிய வேலை.

இவ்வேலைக்கு ஒளியும் உதவும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தார். அக்கதிரில் சிவப்பையடுத்த பகுதி ஒரு பொருளின்மீது படும்போது, நீர் முதலிய ஒவ்வொன்றும் தத்தமக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும். திரும்பும் ஒளியில் எது குறைந்ததெனப் பார்த்தால் உள்ளிருப்பது தெரியும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்ல் நொரிஸ் தானியத்தின் ஈரத்தை இவ்வழியில் அளக்கும் முறையை வளர்த்தார். மாதிரியில் இரசாயனம் சேர்க்கத் தேவையில்லை. சில விநாடிகள் போதும். ஆதலால் நொதித்தல் நடந்துகொண்டிருக்கையிலேயே திரும்பத் திரும்ப அளக்கலாம். சீனாவில் தேயிலை புளிக்கும் நிலையை இவ்வாறு அளந்து ஆராய்ந்துள்ளனர்.

இக்காலத்தில் உள்ளங்கையளவான மலிவுக் கருவிகளும் கிடைக்கின்றன. வாங்குமுன் யோசியுங்கள். மலிவான சிலிக்கன் உணரி ஏறக்குறைய 1100 நனோமீற்றர் வரையே காணும். நீரின் வலிய அடையாளங்களோ 1450, 1940 நனோமீற்றரில் உள்ளன; 970இல் உள்ள மெலிந்த அடையாளமே அதற்கு எட்டும். அன்றியும், ஆய்வுகூடத்தில் சோதித்த பல மாதிரிகளைக் காட்டிக் கருவியைப் பழக்கவேண்டும். தேயிலைக்குப் பழக்கிய கருவி உங்கள் கூட்டெருவைப் பற்றி நம்பத்தக்க எதுவும் சொல்லாது.

எனவே கூட்டெருக் குவியலுக்கு நீண்ட தண்டுள்ள வெப்பமானியே இப்போதைக்குச் சிறந்தது. நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறுதல் நன்று. அதற்கு மேற்பட்டாலும், சூடு தணியத் தொடங்கினாலும் கிளறிப் புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீரே கசியவேண்டும். ஒழுகினால் வைக்கோலோ காய்ந்த சருகோ சேருங்கள். தென்மேல் பருவமழையில் குவியலை மூடாது விடாதீர்கள். அரைகுறையாக மக்கியதை இட்டால், அது மண்ணிலுள்ள நைதரசனைத் தானே பிடித்துக்கொள்ளும். கோவா, லீக்ஸ் நாற்றுகள் மஞ்சளித்து நிற்கும். புரட்டிய பின்னும் சூடேறாமல், மண்வாசனை வீசும்போது பாத்திக்கு இடுங்கள்.