மறுபடியும் ஒரு ஊரில்… (11): வேதாளமும் தொண்டைக் கண்ணாடியும்

வேதாளக் கதைகள் அத்தனையும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் அரசன் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். பிணத்துக்குள் இருக்கும் வேதாளமோ வழி நெடுகக் கதை சொல்கிறது, கதை முடிந்ததும் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை சுக்குநூறாக வெடிக்கும். பேசினால் வந்த வேலை கெடும். பேசாவிட்டால் உயிர் போகும். விடை தெரியாதவன் ஒருவனுக்குத்தான் இந்தப் பொறியிலிருந்து வெளியேற வழி உண்டு.

குணாட்டியரின் பிருகத்கதை தீக்கு இரையானதும், மிஞ்சிய பகுதி காஷ்மீரம் போய்ச் சேர்ந்ததும் சென்ற வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரத்துக்கென்று அறிவித்திருந்தது அம்புலிமாமா இதழின் படங்கள். மூலக்கதையைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

காஷ்மீர அரசன் அனந்தனின் தேவி சூரியமதிக்காக, 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் பிருகத்கதையின் வழியில் கதாசரித்சாகரத்தை இயற்றினார். 25 வேதாளக் கதைகள் அதன் 12ஆம் பகுதியில் இருக்கின்றன. அரசன் பெயர் அங்கே விக்கிரமாதித்தன் அல்ல. கோதாவரிக் கரையில் பிரதிஷ்டானத்தை ஆண்ட திரிவிக்கிரமசேனன். க்ஷாந்திசீலன் என்றொரு துறவி நாள் தவறாமல் சபைக்கு வந்து அரசன் கையில் ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இப்படியே பத்தாண்டுகள். அரசன் பழத்தைப் பொக்கிஷக்காரனிடம் தருகிறான். அவன் அதைச் சன்னல் வழியே பொக்கிஷ அறைக்குள் போட்டுவைக்கிறான். ஒருநாள் அரசன் அந்தப் பழத்தை ஒரு குரங்குக்குட்டிக்குக் கொடுக்க, அது கடித்த இடத்திலிருந்து ஒரு மாணிக்கம் உருண்டு விழுகிறது. பொக்கிஷ அறையைத் திறந்து பார்த்தால், அழுகி மக்கிய பழங்களுக்கு நடுவே மாணிக்கக் குவியல். அந்தக் கடனுக்குத்தான் தேய்பிறைப் பதினான்காம் இரவில் அரசன் சுடுகாட்டுக்குப் போகிறான். மரத்தில் தொங்கும் பிணத்தைத் துறவிக்குக் கொண்டுவரச் சம்மதிக்கிறான்.

கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அரசன் ஒவ்வொன்றுக்கும் சரியான விடை சொல்கிறான். ஒவ்வொரு முறையும் பிணம் திரும்பிப் போகிறது. கடைசியாக வருகிறது தகப்பன், மகன் கதை. காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களை இருவரும் பார்க்கிறார்கள். பெரிய பாதம் தாயுடையது, சிறியது மகளுடையது என்று எண்ணி, பெரிய பாதத்துக்காரி தகப்பனுக்கு, சிறிய பாதத்துக்காரி மகனுக்கு என்று முடிவு செய்துகொள்கிறார்கள். பெண்கள் நேரில் வந்தபோது பெரிய பாதம் மகளுக்கு, சிறியது தாய்க்கு. கொடுத்த வாக்கை மீற முடியாமல் தகப்பன் மகளை மணக்க, மகன் தாயை மணக்கிறான். இரு தம்பதிகளுக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? திரிவிக்கிரமசேனனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான்.

வேதாளம் மனம் குளிர்கிறது. துறவி அரசனையே பலி கொடுக்கப் போகிறான் என்ற இரகசியத்தைச் சொல்லி, தப்பும் வழியையும் சொல்லிவிட்டுப் பிணத்தை விட்டு நீங்குகிறது. சாஷ்டாங்கமாக விழச் சொன்ன துறவியிடம், அரசனாகிய தனக்கு விழுந்து வணங்கிப் பழக்கமில்லை, செய்து காட்ட வேண்டும் என்கிறான் அரசன். துறவி விழுந்து காட்டுகிறான், தலை துண்டாகிறது. இத்தனை விடைகளும் சேர்ந்து தராத விடுதலையை ஒரு தெரியாமை தந்துவிடுகிறது. உலகக் கதை மரபில் இதற்கு நிகரான முடிவுகள் மிகக் குறைவு.

தனிக் கதைகளில் நெடுந்தூரம் போனது தலை மாறிய கதை. தேவி கோயிலில் கணவனும் மைத்துனனும் தலையை அரிந்துகொண்டு கிடக்கிறார்கள். உயிர் மீட்கும் வரம் பெற்ற மனைவி அவசரத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். எவன் கணவன்? உறுப்புகளில் தலையே முதன்மை, கணவன் தலை உள்ளவனே கணவன் என்று அரசன் ஒரு வரியில் தீர்த்துவிடுகிறான். தாமஸ் மன் அந்தத் தீர்ப்போடு நிற்கவில்லை. 1940இல் வெளிவந்த அவருடைய குறுநாவலில் மைத்துனன் நண்பனாகிறான், தலைக்கேற்ப உடலும், உடலுக்கேற்பத் தலையும் நாளடைவில் மாறுகின்றன, மூவரும் சாகிறார்கள். கிரீஷ் கர்னாட் 1971இல் கன்னடத்தில் எழுதிய ‘ஹயவதன’ நாடகம், அதன் பக்கத்தில் குதிரைத்தலை மனிதன் ஒருவனையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. பதில் மாறிக்கொண்டே போகிறது, கேள்விதான் அசையவில்லை.

மேற்கிலும் நல்ல மறுகூறல்கள் இப்படித்தான் நடக்கின்றன. பெரோ 1697இல் அச்சிட்ட நீலத்தாடிக்காரன் கதையில் மணப்பெண்ணைக் காப்பாற்ற அண்ணன்மார் வருகிறார்கள். ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் அதைத் திருப்பி எழுதியபோது துப்பாக்கியோடு வருவது பெண்ணைப் பெற்ற தாய். சாவி, திறக்கக் கூடாத அறை, கறை: இவை மூன்றையும் கார்ட்டர் தொடவில்லை.

நிபந்தனையையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் திபெத்து சாட்சி. வேதாளக் கதைகள் அங்கும், அங்கிருந்து மங்கோலியாவுக்கும் போயின. அங்கே பிணம் சுமப்பவன் வழியில் பேசவே கூடாது. ஆனால் கேள்வியும் இல்லை, தலை வெடிப்பதும் இல்லை. கதையின் சுவையில் தன்னை மறந்து ஆகா என்றோ ஐயோ என்றோ வாய்விட்டுவிடுகிறான்; பிணம் பறந்துவிடுகிறது. இந்திய அரசன் அறிவால் தோற்கிறான். திபெத்தியப் பையன் இரக்கத்தாலும் வியப்பாலும் தோற்கிறான். அழகான கதைதான், ஆனால் முற்றிலும் வேறு கதை.

தமிழ் நிபந்தனையைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. வடமொழியில் தனித்தனியாக இருந்த சிம்மாசனத்து 32 பதுமைகளின் கதையும் வேதாளக் கதையும் தமிழ் விக்கிரமாதித்தன் கதையில் ஒரே நூலாகக் கலந்தன. மந்திரி பட்டி வந்தான். காடாறு மாதம், நாடாறு மாதம் வந்தது. வேதாளம் அரசனுக்கு ஏவலாளாகவே ஆகிவிட்டது. பெரிய எழுத்துப் புத்தகங்கள் இதைத் திண்ணைகளுக்கும் சந்தைகளுக்கும் கொண்டுபோயின. சோமதேவரிடம் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். வால்மீகியின் சீதை அசோகவனத்தில் அமர்ந்திருந்ததும் சிம்சபா மரத்தடியில்தான். தமிழில் அது கொல்லைப்புறத்து முருங்கை ஆயிற்று. ஒரு சிறுவன் ஏறினாலே முறிந்துவிடும் கிளையில் ஒரு பிணம் தொங்குகிறது என்பதே பயத்தைக் கூட்டுகிறது.

ஊர்க்கதைகள் அந்தந்த மண்ணின் செடிகொடியைப் பற்றிக்கொள்வதற்கு ஆவடிக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணத்தில், குறும்பர்மேல் படையெடுத்த தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. அதை வெட்ட வீசிய வாள் மண்ணுக்குள் இருந்த இலிங்கத்தின்மேல் பட்டு இரத்தம் பெருகுகிறது. வெட்டுப்பட்ட அந்தத் திருமேனிக்குத்தான் இன்றும் சந்தனக் காப்பு. கருவறைக்கு முன் நிற்கும் எருக்கந்தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பது மரபு. வயிரவர் துணையோடு போரிட்ட குறும்பரும், நந்தியை அனுப்பி உதவிய சிவனும் இருக்கும் இந்தக் கதையை யாராவது ஒரு நல்ல ஓவியர் சித்திரக்கதையாக வரைய வேண்டும். வேலிக்குக்கூட ஆகாத எருக்கு தூணாக நிற்பது, வரையத் தெரிந்தவருக்குப் பெரிய வாய்ப்பு.

தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் பெஞ்சமின் கை பாபிங்டன். இவரைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1794இல் பிறந்தவர், தந்தை மருத்துவர். இளமையில் கடற்படையில் இருந்துவிட்டு, 1812இல் சென்னை அரசாங்கப் பணிக்கு வந்தார். தமிழை ஆழக் கற்றார். உடல்நலம் கெட்டு 1819 வாக்கில் இங்கிலாந்து திரும்பினாலும் தமிழை விடவில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1822இல் இலண்டனில் அச்சிட்டார். முனிவர் இலத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலப்படுத்தினார். அது அதே ஆண்டு சென்னையில் வெளிவந்தது. மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளின் பல்லவ கிரந்த எழுத்தைப் படித்து 1830இல் கட்டுரை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1831இல், வேதாள கதை இலண்டனில் ஆங்கிலத்தில் வந்தது.

இவ்வளவும் ஓய்வு நேரத்து வேலை. ஊர் திரும்பியபின் அவர் படித்தது மருத்துவம். உயிருள்ள மனிதனின் குரல்வளையைக் கண்ணால் பார்க்க அந்நாளில் சரியான வழி கிடையாது. நாக்கை அழுத்திப் பிடிக்கும் தகட்டோடு ஒரு சிறு கண்ணாடியை இணைத்துப் பாபிங்டன் ஒரு கருவி செய்தார். நோயாளி சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். மருத்துவர் ஒரு கையில் பிடித்த கைக்கண்ணாடியால் வெயிலை வாங்கி வாய்க்குள் திருப்புவார். தொண்டையின் பின்புறம் இருக்கும் சிறு கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கீழே அனுப்பும். குரல்வளையின் பிம்பம் அதே கண்ணாடியில் தெரியும். 1829 மார்ச்சில் இலண்டன் ஹண்டேரியன் சங்கத்தில் இதைக் காட்டினார். பாட்டு வாத்தியார் மானுவல் கார்சியா தன் குரல் நாண்களைத் தானே கண்ணாடியில் பார்த்து உலகப் புகழ் பெற்றது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத்தான். குரல்வளைக் கண்ணாடியின் வரலாற்றில் பாபிங்டன் பெயர் அவருக்கு முன்னால் நிற்கிறது. 1850இல் இலண்டனில் கொள்ளைநோய் ஆய்வுச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவரே.

பேசலாமா கூடாதா என்ற ஒன்றிலேயே சுழலும் கதையை மொழிபெயர்த்த மனிதர், குரல் பிறக்கும் இடத்தைப் பார்க்கக் கருவி செய்தவர். இரண்டு வேலைகளுக்கும் நடுவே இரண்டே ஆண்டுகள். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. ஒரே மேசையில் வேதாளத்தின் ஏடும் அந்தக் கண்ணாடியும் இருந்திருக்கக்கூடும் என்பதே தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி. தமிழ் அச்சு வரலாற்றில் இவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

இனி அம்புலிமாமா. பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. பின்னர் பல மொழிகளுக்குப் பரவியது: மராத்தியில் சாந்தோபா, மலையாளத்தில் அம்பிளி அம்மாவன், ஒடியாவில் ஜன்ஹமாமு. படங்கள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்து மட்டும் மாறும். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபின் பல மாநிலத்தவர் குடியேறிய ஆவடி போன்ற ஊரில் இதன் பொருள் பெரிது. தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் தத்தம் மொழியில் படித்தாலும், அவர்கள் கண்ட வேதாளம் ஒன்றே.

இதழில் சோமதேவரின் 25 கதைகள் விரைவில் தீர்ந்துபோயின. வேதாளம் நிற்கவில்லை. வேறெங்கோ கிடைத்த கதைகளும் புதிதாக எழுதப்பட்டவையும் அதே சட்டகத்துக்குள் பொருத்தப்பட்டன. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின. நிபந்தனை அப்படியே இருந்தது. தொடக்கப் பத்தியும் முடிவுப் பத்தியும் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பழம் கொடுத்த துறவியைக் காணோம். பிணம் யாருக்காக, எதற்காக என்ற பேச்சும் இல்லை. இந்த நள்ளிரவில் ஏன் இப்படிப் பாடுபடுகிறாய் என்று வேதாளமே அரசனைக் கேட்கும். தகப்பன் மகன் புதிருக்கும் அங்கே இடமில்லை, ஏனென்றால் அரசன் ஒருமுறை விடை தெரியாமல் நின்றால் தொடரே முடிந்துவிடும். மூலத்தில் தெரியாமையால் விடுதலை பெற்றவன், இதழில் எல்லாம் தெரிந்ததாலேயே முடிவில்லாமல் நடந்தான். குழந்தைகள் அவனிடம் கண்டது அறிவைவிட விடாமுயற்சியை. வேதாளக் கதையின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் இதுவே மிகத் துணிச்சலான மாற்றம் என்று தயங்காமல் சொல்லலாம். வேதாளம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானதும் இதனால்தான்.

அந்த நடையை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 1924இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர், கலைமகளிலிருந்து 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தவர். 2020 செப்டம்பரில் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாக அவர் வரைந்த அரசன் எப்படி உருவானான், அதே இதழில் சித்ராவும் வபாவும் வரைந்த அசுரர்களும் அரண்மனைகளும் சங்கரிடமிருந்து எங்கே வேறுபடுகின்றன, சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது தமிழ்ப் படக்கதை வாசிப்பு எப்படி மாறியது என்பவை அடுத்த வாரம்.