சிறு டிராக்டரின் நாடி பார்ப்போம்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, டிராக்டருக்கு ஸ்டியரிங் அப்படி. எஞ்சின் பழுதானால் உழவு நிற்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் கைவிட்டாலோ, மூட்டை ஏற்றிச் சாலையில் செல்லும் வண்டி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அதில் தோன்றும் கோளாறுகளைக் கண்டறியும் முறையை இங்கே காண்போம்.

மாந்தோப்பிலும் திராட்சைப் பந்தலின் அடியிலும் புகுந்து உழுவதற்கு ஏற்றவை சிறு டிராக்டர்கள். 15 குதிரைத்திறன் கொண்ட மஹிந்திரா யுவராஜ் 215 அவற்றுள் ஒன்று. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பியதும், அதன் தண்டு ஒரு கியர் பெட்டியை இயக்குகிறது. பெட்டியிலிருந்து தொங்கும் 'டிராப் ஆர்ம்' அசைந்து ஒரு கம்பியைத் தள்ள, முன்சக்கரம் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் இணைக்கும் 'டை ராடு' மற்றதையும் உடன் திருப்புகிறது. கம்பிகளின் முனைகளில் நம் தோள்மூட்டைப் போன்ற 'பால் ஜாயிண்டுகள்' உள்ளன.

வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சற்று அதிகமாகத் திரும்பவேண்டும். ஜெர்மனியின் லாங்கென்ஸ்பெர்கர் வடிவமைத்த இந்த ஏற்பாட்டுக்கு, ஆக்கர்மான் என்பவர் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அன்று அது குதிரை வண்டிக்காக அமைந்தது என்பது வியப்பூட்டும் செய்தி!

தலைவலி என்று வருபவருக்குக் கண்ணில் குறை இருக்கலாம். அதுபோலவே, கோளாறு தெரிவது நம் கையில். காரணம் இருப்பதோ வேறிடத்தில். கியர் பெட்டியை அவசரப்பட்டுப் பிரித்தால் பணமும் போகும், விதைப்புக்கான ஈரமும் காய்ந்துபோகும். எனவே எளியதை முதலிலும் கடினமானதைக் கடைசியிலும் பார்க்கவேண்டும். சோதனைக்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அவசியம்.

1. ஆட்டம்: ஸ்டியரிங்கை மெல்ல அசைத்தால் முன்சக்கரம் அசையத் தொடங்குமுன் சிறிது வெற்று ஆட்டம் இருக்கும். அது எவ்வளவு இருக்கலாம் என்பது வண்டியின் கையேட்டில் காணப்படும். அதற்கு மேற்பட்டால் இருவர் சேர்ந்து சோதிக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்க, மற்றவர் பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வரவேண்டும். எந்த மூட்டின் ஒருபக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். மூட்டுகள் எல்லாம் நன்றாயிருந்தால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம். முன்பாகத்தை ஜாக்கியால் தூக்கி, கீழே உறுதியான முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், கிங்பின் ஆகியவற்றின் தளர்ச்சியும் தெரிந்துவிடும்.

2. திருப்பக் கடினம்: முதலில் டயரின் காற்றைப் பார்க்கவேண்டும். பிறகு, முட்டுக் கொடுத்துத் தூக்கிய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். அப்போதும் கடினமாயிருந்தால் கிங்பினிலோ மூட்டிலோ கிரீஸ் வற்றியிருக்கலாம்; பெட்டியிலும் இறுக்கம் இருக்கலாம். தூக்கும்போது மட்டும் எளிதானால் காற்றுக் குறைவோ முன்புற பாரமோ காரணமாகலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், அதைக் கெட்டியான சாலையில் விடுவிக்காமல் ஓட்டினாலும் ஸ்டியரிங் கனக்கும்.

பவர் ஸ்டியரிங்கில் எண்ணெயின் அளவையும் வடிகட்டியையும் பார்க்கவேண்டும். பின்புற லிப்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரே பம்ப் எண்ணெய் தரும் வண்டிகளில் ஓர் எளிய வழி உண்டு. இரண்டும் சோர்ந்திருந்தால் குறை பொதுவான எண்ணெயிலோ வடிகட்டியிலோ பம்பிலோ இருக்கும். லிப்ட் நன்றாக வேலை செய்து ஸ்டியரிங் மட்டும் சோர்ந்திருந்தால் அதன் சொந்த உறுப்புகளைச் சோதிக்கவேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது! அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஓர் அட்டையைக் காட்டித் தேடுவதே முறை.

3. ஒருபக்கம் இழுத்தல்: இரு டயர்களின் காற்று வேறுபடலாம், ஒருபக்கப் பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம், டை ராடின் நீளம் மாறியிருக்கலாம். இரு முன்சக்கரங்களின் இடைவெளி, பின்புறத்தைவிட முன்புறத்தில் சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். அந்த அளவு தவறினால் சக்கரங்கள் நடுங்குவதும் டயர் ஒருபுறமாகத் தேய்வதும் உண்டு.

4. திருப்பியும் திரும்பாமை: இதில் எந்த உறுப்பும் கெட்டிருக்காது! பின்னால் கனமான கருவியை மாட்டியதும் முன்சக்கரம் தரையை விட்டு இலேசாகிவிடும். வண்டியின் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. முன்புறம் எடைக்கட்டிகளை மாட்டினால் இக்குறை தீரும்.

கம்பி, வெல்டிங் கொண்டு பால் ஜாயிண்டை ஒப்பேற்றுவது பேராபத்து. அது கழன்றால் ஓட்டுநர் கையில் ஸ்டியரிங் இருந்தும் வண்டி அவர் வசம் இராது. தேய்ந்ததை மாற்றுவதே ஒரே வழி.

தோழியரே! காற்று, கிரீஸ், ஆணி, எண்ணெய் ஆகிய நான்கையும் நாள்தோறும் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அதற்கு மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும் பொறுமையும் இருந்தால் நம்மாலும் இயலும். நம் வீட்டு வயலில் ஒரு டிராக்டர் நின்றால், அப்பா அதில் ஏறுமுன் நாமும் ஒருமுறை நாடி பிடித்துப் பார்ப்போம். வருமுன் காப்பதே அறிவுடைமை.