குதிரையிடம் சொன்ன துக்கம்

தாத்தா இறந்த பிறகு பாட்டி பத்து நாளும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் விசாரிக்க யார் வந்து உட்கார்ந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். விடியற்காலையில் எழுந்தது, காபி கேட்டது, பாதி குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தது, ‘கொஞ்சம் படுத்துக்கறேன்’ என்றது. டம்ளரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக மாட்டாள். நடுவில் யாராவது “விடுங்கத்தை, நெனச்சு என்ன ஆகப்போவுது” என்றால் தலையை ஆட்டிவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்வாள். எனக்கு அப்போது 16 வயது. பாட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

கல்லூரியில் உளவியல் படிக்கச் சேர்ந்த பிறகு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ஒரு சிறுகதையைப் படித்தேன். ரஷ்ய மொழியில் அதன் பெயர் ‘தஸ்கா’. நெஞ்சை அடைக்கிற துயரம் என்று பொருள் கொள்ளலாம். 1886இல் வெளிவந்தது. செகாவ் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து இரண்டே வருடம் ஆகியிருந்தது.

கதை மிகச் சிறியது. பீட்டர்ஸ்பர்க் நகரில் பனி கொட்டுகிற ஒரு மாலை. அயோனா என்ற வயதான வண்டிக்காரர் சவாரிக்காகக் காத்திருக்கிறார். அந்த வாரம்தான் அவர் மகன் காய்ச்சலில் இறந்திருக்கிறான். முதலில் ஏறிய ராணுவ அதிகாரியிடம் சொல்லப் பார்க்கிறார். அவன் ஒரு வார்த்தை கேட்கிறான், பிறகு கண்ணை மூடிக்கொள்கிறான். அடுத்து ஏறிய மூன்று இளைஞர்களும் வேகமாக ஓட்டச் சொல்லி விரட்டுகிறார்கள். மகன் செத்துப்போனான் என்றதற்கு, எல்லாரும் ஒருநாள் சாகத்தான் போகிறோம் என்று பதில் வருகிறது. வண்டிக்காரர்கள் தங்குமிடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரனிடம் சொல்கிறார். அவன் அதற்குள் போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டான். கடைசியில் லாயத்துக்குப் போய், வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்.

படிக்கும்போது அந்தப் பயணிகள் மீது எனக்குக் கோபம் வந்தது. கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தேன். 1973இல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தீர்ப்பை அசைத்தது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து அதைச் செய்தார்கள். மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்ற வேண்டும். வழியில் ஓர் ஆள் வாசலோரம் சுருண்டு, இருமிக்கொண்டு கிடப்பார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மொத்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப்போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை! அதைப் பேசப்போனதாலும் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை.

பிறகு செகாவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வண்டியில் ஏறுகிற எல்லாருமே அவசரத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கொடியவர்களாக அவர் எழுதவே இல்லை.

அயோனாவுக்கு என்னதான் வேண்டியிருந்தது? அவர் ஆறுதல் தேடி அலைவதாகத்தான் முதலில் தோன்றும். கதையைக் கவனித்தால், மகன் எப்படிப் படுத்தான், சாகுமுன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது, துணிகளை வாங்க மருத்துவமனைக்குப் போனது என்று ஒவ்வொன்றையும் வரிசையாக, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் தவிக்கிறார். என் பாட்டியின் டம்ளர் அங்கே இருந்தது.

அந்தக் கதை வெளிவந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1986இல், ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 46 கல்லூரி மாணவர்கள், நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். சிலருக்குச் சாதாரண விஷயங்கள். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவம். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்ததும் முன்னைவிட வருத்தமாகவே இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் போனது குறைந்திருந்தது. பிறகு நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பலன் சிறியதுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதுமில்லை.

எழுதுவது ஏன் உதவுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஒரு விளக்கம் இது: அதிர்ச்சியான சம்பவம் மனதில் துண்டு துண்டாகத் தங்குகிறது, ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு டம்ளர் என்று. சொல்லச் சொல்லத் துண்டுகள் கோக்கப்பட்டு, தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகின்றன. 1997இல் பென்னபேக்கர் குழுவினர் அப்படி எழுதப்பட்டவற்றைக் கணினியில் ஆராய்ந்தார்கள். நாள் போகப்போக ‘அதனால்’, ‘புரிந்தது’ போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களுக்கே உடல்நலம் அதிகம் தேறியிருந்தது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழு மூளையைப் படம்பிடித்தபோது, முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்ட நேரத்தில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் தணிந்ததைக் கண்டது.

பென்னபேக்கரின் மாணவர்களுக்குக் கிடைத்தது வெறும் காகிதம். அது ஆறுதல் சொல்லாது, குறுக்கே பேசாது, அவசரமாகக் கிளம்பாது. அயோனாவின் குதிரையும் அப்படித்தான் மென்றுகொண்டு, கேட்டுக்கொண்டு, அவர் கையில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. மனிதர்கள் அத்தனை பேர் இருந்தும் ஒரு குதிரையிடம் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

பாட்டிக்கு அந்த நிலை வரவில்லை. பத்து நாளும் யாராவது வந்தார்கள், பாய் விரித்த இடத்தில் உட்கார்ந்து “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்கள். துக்க வீட்டில் நீங்களும் அப்படிக் கேட்பீர்கள். கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்துவிடாதீர்கள். டம்ளருக்குப் பிறகும் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.