ஜடேஜாவை 'வித்துட்டாங்களா'? ஐபிஎல் டிரேடில் வீரரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

2025 நவம்பர் 15 அன்று காலை அந்த அறிவிப்பு வந்தது. சஞ்சு சாம்சன் சென்னைக்கு, ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. அன்றிலிருந்து சிஎஸ்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். டிசம்பர் 16 அன்று அபுதாபியில் மினி ஏலமும் முடிந்துவிட்டது. ஆனாலும் சண்டை முடியவில்லை.

எங்க இலுப்பூர் பக்கம் இந்த விவாதம் எப்படிப் போகிறது என்றால், ஒரு கட்சி "12 சீசன் ஆடின மனுசன வித்துட்டாங்கப்பா" என்கிறது. இன்னொரு கட்சி, "அவரே கையெழுத்து போட்டுத்தானே போனாரு, இதுல என்ன துரோகம்?" என்கிறது. அன்னவாசல் ரோட்டுல பஸ் ஏறினா ஒரு கட்சி, விராலிமலை பஸ்ல இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, டிரேட் என்றால் என்ன, அதில் வீரர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், கணக்கு

2025 சீசனுக்கு முன்பு சென்னை அணி ஜடேஜாவை 18 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. ராஜஸ்தான் அணி சஞ்சுவைத் தக்கவைத்ததும் அதே 18 கோடிக்குத்தான். சாம் கரன் சென்னையில் வாங்கியது 2.4 கோடி.

டிரேடில் சஞ்சுவின் 18 கோடி அப்படியே சென்னைக்கு வந்தது. கரனின் 2.4 கோடியும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

இந்த 4 கோடியை 'அவமானம்' என்று பலர் பேசுகிறார்கள். உணர்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். ஜடேஜா 18, கரன் 2.4 என்றால் மொத்தம் 20.4 கோடி. 18 கோடி சஞ்சுவை அனுப்பிவிட்டு 20.4 கோடியை எடுத்தால், ராஜஸ்தானின் பர்ஸில் 2.4 கோடி கூடுதல் செலவு. 14 கோடிக்கு ஜடேஜா சம்மதித்ததால் மொத்தம் 16.4 கோடி ஆகிறது. இப்போது ராஜஸ்தானுக்கு 1.6 கோடி மிச்சம். ஒவ்வொரு அணியும் 125 கோடிக்குள் மொத்த வீரர்களையும் அடக்க வேண்டிய ஆட்டத்தில் இந்த 4 கோடி வித்தியாசம் சும்மா இல்லை. இரண்டு அணிகளுக்கும் இடையிலான கணக்கு நேரானதில், ஒரு பகுதி ஜடேஜாவின் பாக்கெட்டிலிருந்து போனது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

டிரேட் எப்படி நடக்கிறது?

ஒரு சீசன் முடிந்து ஒரு வாரத்தில் டிரேட் விண்டோ திறக்கும். அடுத்த ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, புது சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை திறந்திருக்கும். ஆனால் அந்த ஏலத்தில் புதிதாக வாங்கிய ஆளை உடனே அந்த சீசனுக்கு டிரேட் செய்ய முடியாது.

வகை இரண்டு. ஆளுக்கு ஆள் மாற்றுவது ஒன்று. ஆளை எடுத்துக்கொண்டு பணம் கொடுப்பது இன்னொன்று. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனது இரண்டாவது வகை. அவருடைய 15 கோடி சம்பளம் நமக்குத் தெரியும். அதற்கு மேல் மும்பை குஜராத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை அணிகள் வெளியிடவில்லை. வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தத் தொகை பர்ஸ் கணக்கிலும் வராது. (ஏலத்தில் 5 லட்சம் கூடினால்கூட டிவியில் லைவ். இது மட்டும் ரகசியம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.)

எந்த வகையாக இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. வீரர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். ஆகவே 'ஆட்டை விற்பது மாதிரி வித்துட்டாங்க' என்பது சரியல்ல. ஜடேஜாவிடம் பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் இது நடந்தது என்று சிஎஸ்கே தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதனும் சொல்லியிருக்கிறார்.

சரி, சம்மதம் வாங்கியாச்சு, விஷயம் முடிஞ்சுது என்று சொல்லலாமா? இங்கேதான் 15 வருடம் பின்னால் போக வேண்டும்.

2010: அதே ஜடேஜா, அதே ராஜஸ்தான்

ஜடேஜாவின் முதல் ஐபிஎல் அணியே ராஜஸ்தான் ராயல்ஸ்தான். 2008, 2009 இரண்டு சீசன் அங்கே ஆடினார். முதல் வருடமே கோப்பை. அதன் பிறகு அவர் ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறு அணியோடு நேரடியாகப் பேரம் பேச முயன்றார் என்று ஐபிஎல் நிர்வாகம் சொன்னது. விளைவு, 2010 சீசன் முழுவதும் தடை. அப்போது அவருக்கு 21 வயது.

தன் அணியைத் தானே தேடிக்கொள்ளப் பார்த்ததற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தவர், 2025-ல் அதே அணிக்கு, இரண்டு நிர்வாகங்கள் பேசி முடித்த ஒப்பந்தத்தில், 4 கோடி குறைவாகப் போகிறார்.

நடுவில் கொச்சி அணியில் ஒரு சீசன். 2012-ல் சென்னை. சென்னைக்குத் தடை இருந்த 2016, 2017-ல் குஜராத் லயன்ஸ். 2018-ல் திரும்பவும் சென்னை. 2022-ல் பாதி சீசன் கேப்டன், பிறகு அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் அகமதாபாத் இறுதிப்போட்டி. நள்ளிரவு தாண்டி, கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும், மோகித் சர்மா பந்துவீச்சில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிய படம் இன்னும் எத்தனை பேர் போனில் வால்பேப்பராக இருக்கிறதோ. 'தளபதி' பட்டம் சும்மா வரவில்லை.

வெளிநாட்டில் எப்படி? ஹாக்கியைப் பாருங்க

நம்ம ஊர் ஹாக்கி இல்லை. கனடா, அமெரிக்காவில் பனிக்கட்டி மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. அங்கே சீசன் இல்லாத மாதங்களில்தான் ரசிகர்களுக்கு உண்மையான சீசன். யாரை டிரேட் செய்வது, எந்த 'ஃப்ரீ ஏஜென்ட்' வருவார் என்று ஜூலை 1-ஐ ஒட்டி ஊரே விவாதிக்கும்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால், ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்த அணியோடும் தானே பேசிச் சேரலாம் என்பது. என்ஹெச்எல் லீக்கில் பொதுவாக 27 வயது ஆனாலோ, 7 சீசன் ஆடியிருந்தாலோ இந்த உரிமை முழுதாகக் கிடைக்கும். 2025 ஜூன் கடைசியில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸின் மிட்ச் மார்னர் இந்த வாசலில் நின்றார். டொராண்டோ பக்கத்திலேயே வளர்ந்த பையன். ஃப்ரீ ஏஜென்டாகி அவர் சும்மா போய்விட்டால் அணிக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் 8 வருடம், வருடத்துக்கு 1.2 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, கையோடு லாஸ் வேகஸ் அணிக்கு டிரேட் செய்தார்கள். பதிலுக்கு நிக்கோலா ருவா என்ற ஒரே ஒரு வீரர். டொராண்டோவில் நம்ம தமிழ் ஆட்கள் நிறைய. சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் மார்னர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், போனை வைக்க மாட்டார்கள்.

அங்கேயும் கண்ணீர் உண்டு. 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மண்டன் அணி வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியபோது, அவர் செய்தியாளர் சந்திப்பிலேயே அழுதார். இதை அரசு தடுக்க வேண்டும் என்று கனடாவில் ஒரு எம்.பி. கேட்கும் அளவுக்குப் போனது.

வீரர்களுக்கு இந்த உரிமையை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் 1969-ல் கர்ட் ஃப்ளட் என்பவரை செயின்ட் லூயிஸ் அணி பிலடெல்பியாவுக்கு டிரேட் செய்தது. அவர் போக மறுத்தார். உச்ச நீதிமன்றம்வரை போனார், 1972-ல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு போனது. ஆனால் 1975-லேயே வேறு இரண்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் பேஸ்பாலில் கதவு திறந்தது.

ஐபிஎல்லில் என்ன இல்லை?

இங்கே வீரருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது. அது பெரிய விஷயம்தான், ஃப்ளட்டுக்கு அதுகூட இல்லை. ஆனால் 'நான் அந்த அணிக்குத்தான் போவேன்' என்று சொல்லும் உரிமை இங்கே இல்லை. மாட்டேன் என்று சொன்னாலும் அணி அவரை விடுவிக்கலாம். விடுவித்தால் நேராக ஏலம். அங்கே யார் கையைத் தூக்குகிறார்களோ அவர்களுடைய ஆள்.

ஏலம் எப்போதும் நஷ்டமும் இல்லை. மதீஷ பத்திரனாவைச் சென்னை 13 கோடிக்கு வைத்திருந்தது, விடுவித்தது. அபுதாபியில் கொல்கத்தா 18 கோடி கொடுத்தது. 'வேண்டாம்' என்று அனுப்பப்பட்டவருக்கு 5 கோடி லாபம், மரியாதையாகப் பேசி அனுப்பப்பட்டவருக்கு 4 கோடி நஷ்டம்! ஆனால் ஏலத்திலும் வேலி உண்டு. கேமரூன் கிரீனுக்குக் கொல்கத்தா 25.20 கோடி கொடுத்தது. மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரர் கையில் வாங்கக்கூடியது அதிகபட்சம் 18 கோடிதான். மீதி 7.20 கோடி கிரிக்கெட் வாரியத்தின் வீரர் நலனுக்குப் போகும்.

ஏல விலை எப்படிப் புரளும் என்பதை கபடி ரசிகர்களிடம் கேட்கவே வேண்டாம். பவன் ஷெராவத்தை 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, சீசன் காலி. அடுத்த முறை தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. 2025-ல் அதே தலைவாஸ் அவரை 60 லட்சத்துக்கும் குறைவாகத் திரும்ப எடுத்தது. நம்ம நாட்டு ஹாக்கி லீக்கும் ஏலம்தான். 2017-க்குப் பிறகு நின்றுபோய் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய அந்த லீக்கில், இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கே அதிகபட்ச விலையாக வந்தது 78 லட்சம். தமிழ்நாடு டிராகன்ஸ் ரசிகருக்கும் தன் அணி யாரைத் தேர்ந்தெடுத்தது என்று பேசத்தான் முடியும். ஒரு வீரர் நம்ம அணியைத் தேர்ந்தெடுத்தாரா என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்க பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் இந்தச் சுதந்திரம் இருக்கிறது. நல்லா அடிக்கிற பையனை பக்கத்து ஊர் டீம் போன் போட்டுக் கூப்பிடும். பெட்ரோல் காசும் பிரியாணியும் பேசி முடித்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் ஜெர்சியில் நிற்பான். அதனால்தான் சில போட்டி நோட்டீஸில் வெளியூர் ஆட்டக்காரருக்கு அனுமதி இல்லை என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அங்கேயும் 'ஊருக்கு துரோகம் பண்ணிட்டான்' என்று சண்டை வரும். ஆனால் போகிற முடிவு அவனுடையது.

சென்னைக்கு லாபமா?

கிரிக்கெட் கணக்கில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 2025-ல் சென்னை கடைசி இடம், வரலாற்றில் முதல் முறை. ராஜஸ்தான் அதற்கு ஒரு படி மேல். தோனிக்குப் பிறகு யார் கீப்பர் என்ற கேள்வி வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீப்பிங், மேல் வரிசை பேட்டிங், கேப்டன் அனுபவம் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது சஞ்சுவிடம்தான். அவரும் ராஜஸ்தானிலிருந்து வெளியேற விரும்பினார் என்ற செய்திகள் சில மாதமாகவே ஓடிக்கொண்டிருந்தன. டிரேட் பக்கம் அதிகம் போகாத சென்னை (2021-ல் ராபின் உத்தப்பாவை எடுத்தது நினைவிருக்கலாம்) இவ்வளவு பெரிய விலை கொடுத்ததற்கு அதுதான் காரணம். இந்த மாற்றம் தேவைதான் என்பது என் கருத்து. கரனையும் சேர்த்துக் கொடுத்தது மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஜடேஜாவின் இடம்? அதற்குத்தான் 43.4 கோடி ரூபாயோடு சென்னை அபுதாபிக்குப் போனது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், 20 வயது, இடது கை சுழல், கீழ் வரிசையில் அடித்து ஆடுபவர். ஏலத்தின்போது இந்தியாவுக்கு ஆடியிருக்கவில்லை, ஐபிஎல்லிலும் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அடிப்படை விலை 30 லட்சம். கீப்பர் கார்த்திக் சர்மாவுக்குக் கொடுத்த அதே தொகையை இவருக்கும் கொடுத்து, அன்கேப்ட் வீரருக்கான சாதனை விலையில் எடுத்தார்கள். 14.20 கோடி.

ஜடேஜாவின் புதுச் சம்பளத்தைவிட 20 லட்சம் கூடுதல்.